மருத்துவமனை எட்டாத ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு அடிப்படை மருத்துவத்தைக் கொண்டு சேர்ப்பது எப்படி?

சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கக் கிராமங்களில், பிறந்து ஒரு மாதத்தைக் கடந்துவிட்ட குழந்தை ஐந்து வயதுக்குள் இறக்க நேர்ந்தால், அதற்குப் பெரும்பாலும் மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு ஆகிய மூன்றில் ஒன்றே காரணமாக இருக்கிறது. இவற்றின் பின்னணியில் ஊட்டக்குறைவும் சேர்ந்துகொள்கிறது. இம்மூன்றுக்கும் மருந்து உண்டு. அது விலை குறைந்தது, வாய்வழியாக உட்கொள்ளக்கூடியது, சில வாரங்கள் பயிற்சி பெற்ற ஒருவரால் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடியது. ஆயினும், காய்ச்சல் கண்ட குழந்தைக்கும் அந்த மருந்துக்கும் இடையே பல மணி நேர நடையும், மோட்டார் சைக்கிளுக்கோ ஓடத்துக்கோ கொடுக்க வேண்டிய பணமும், விதைப்புக் காலத்தில் தாய் இழக்க வேண்டிய ஒரு நாள் வேலையும் குறுக்கே நிற்கின்றன. காய்ச்சல் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் மலேரியா மருந்து கிடைக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தத் தாமதத்தின் கொடுமை விளங்கும்.

உதவ வருபவர்கள் பலர் இந்த இடைவெளியைக் கட்டடத்தால் நிரப்ப முயல்கிறார்கள். கட்டடம் எழுப்புவது எளிது. அதில் ஆண்டு முழுவதும் செவிலியரும் மருந்தும் இருக்கச் செய்வது கடினம். ஒரு வாரம் நடத்தப்படும் மருத்துவ முகாமோ, அது முடிந்த மறுநாள் மூச்சுத் திணறும் குழந்தைக்கு எவ்வகையிலும் உதவாது. எனவே இவ்வழிகாட்டி வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. அதே ஊரில் வாழ்கிற, முறையான பயிற்சி பெற்ற, மாதந்தோறும் சம்பளம் பெறுகிற, பையில் மருந்து தீராத ஒரு சுகாதாரப் பணியாளரை உருவாக்குவதே முதன்மையான வேலை என்றும், ஏனைய ஏற்பாடுகள் அனைத்தும் அவருக்குத் துணையாக அமைய வேண்டும் என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன். சிறு தொண்டு அமைப்புகளையும், மருத்துவர் குழுக்களையும், நிதி வழங்க விரும்புவோரையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதலில் மாவட்டச் சுகாதார அலுவலகம்

ஊருக்குள் கால் வைப்பதற்கு முன் மாவட்டச் சுகாதார அலுவலரைச் சந்தியுங்கள். பெரும்பாலான ஆப்பிரிக்க நாடுகளில் கிராமச் சுகாதாரப் பணிக்கென்று அரசின் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. எத்தியோப்பியா 2003 இல் தொடங்கிய சுகாதார விரிவாக்கத் திட்டத்தில், ஏறத்தாழ 5,000 பேர் வாழும் ஒவ்வொரு கெபெலேவுக்கும் (அந்நாட்டின் மிகச் சிறிய நிர்வாகப் பிரிவு) ஓராண்டுப் பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள் அரசு ஊதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். கானாவின் வடக்கே நவ்ரோங்கோவில் 1994 இல் நடந்த சோதனை, செவிலியரை ஊருக்குள்ளேயே குடியமர்த்தினால் குழந்தை இறப்பு வெகுவாகக் குறையும் என்று காட்டியது. அதன் விளைவாகவே அந்நாடு அம்முறையை நாடு முழுமைக்குமான கொள்கையாக ஏற்றது. மலாவியில் ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற இலக்கோடு சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர்கள் அரசு ஊழியர்களாகவே இருக்கிறார்கள். எபோலாவில் அடிபட்ட லைபீரியா, சுகாதார நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கென்றே 2016 இல் ஊதியம் பெறும் உதவியாளர் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. கென்யா 2023 இல் ஏறத்தாழ ஒரு லட்சம் சமூகச் சுகாதார ஊக்குநர்களுக்கு மருத்துவப் பைகளை வழங்கி, மாதம் 5,000 ஷில்லிங் உதவித்தொகையை மத்திய அரசும் கவுன்டி எனப்படும் வட்டார அரசும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது.

இத்திட்டங்கள் எல்லா ஊரையும் எட்டிவிடவில்லை; எட்டிய ஊர்களிலும் மருந்தும் மேற்பார்வையும் குறைவாகவே இருப்பதுண்டு. அந்தக் குறையை நிரப்புவதுதான் வெளியாரின் இடம். அரசின் பணியாளருக்குப் பக்கத்திலேயே உங்கள் சீருடை அணிந்த இன்னொருவரை அதிகச் சம்பளத்துக்கு நிறுத்தினால், நீங்கள் கிளம்பும் நாளில் இரண்டு அமைப்புகளும் சிதைந்திருக்கும். நாட்டின் சிகிச்சை நெறிமுறை, பதிவேடு, மருந்துப் பட்டியல், ஊதிய அளவு ஆகியவற்றையே பின்பற்றுவதாக எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டு மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்ப்பதற்கு அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலின் அனுமதியும், மருந்து இறக்குமதிக்கு மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் அனுமதியும் தேவை. இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், பயணத் திட்டத்துக்கு முன்பே இவ்வேலையைத் தொடங்கிவிட வேண்டும். காலாவதித் தேதி நெருங்கிய மருந்துகளையும் உள்ளூர் நெறிமுறையில் இல்லாத மருந்துகளையும் நன்கொடை என்ற பெயரில் கொண்டு செல்லாதீர்கள். அவற்றை முறையாக அழிக்கும் செலவு அந்த ஏழை மாவட்டத்தின் தலையில்தான் விழும்.

ஊரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது

கென்யாவில் பராசா என்றும், கானாவில் தர்பார் என்றும் அழைக்கப்படும் ஊர்க்கூட்டங்கள் முடிவெடுக்கும் இடங்களாக இருக்கின்றன. ஊர்த்தலைவரைக் கண்டு முறைப்படி அனுமதி கேட்டு, அவர் கூட்டும் கூட்டத்தில் பேசுங்கள்; பேசுவதைவிட அதிகமாகக் கேளுங்கள். ஆனால் அந்தக் கூட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் மூத்த ஆண்களின் குரல் மட்டுமே உங்கள் காதில் விழும். தண்ணீர் எடுக்கும் இடத்திலும், சந்தையிலும், தடுப்பூசிக்கு வந்து காத்திருக்கும் வரிசையிலும் பெண்களைத் தனியாகச் சந்தித்து, போன மழைக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது முதலில் யாரிடம் சென்றார்கள், எவ்வளவு செலவானது, போகவேண்டாம் என்று சொன்னது யார் என்று கேளுங்கள். முதலில் சென்றது நாட்டு மருத்துவரிடமாகவோ, சந்தையில் மாத்திரை விற்பவரிடமாகவோ இருக்கக்கூடும். அவர்களைப் பகைத்துக்கொள்வதில் பயனில்லை. ஆபத்தான அறிகுறிகளைக் கண்டவுடன் அனுப்பிவைக்குமாறு அவர்களையும் சேர்த்துக்கொள்வதே குழந்தைக்கு நல்லது.

நம்பிக்கையைப் பெறாமல் செய்யப்படும் மருத்துவம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் 11,300க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த எபோலா காட்டியது. கினியில் வோமே என்ற ஊரில் நோயைப் பற்றி விளக்கச் சென்ற குழுவினர் எட்டுப் பேர் 2014 செப்டம்பரில் கொல்லப்பட்டார்கள். இறந்தவரின் உடலைத் துணியில் சுற்றிக் குடும்பத்தார் பார்க்காமலேயே எடுத்துச் சென்ற முறையை மாற்றி, குடும்பத்தார் பாதுகாப்பான தொலைவில் நின்று தங்கள் சமய முறைப்படி பிரார்த்தனை செய்வதற்கு இடம் கொடுத்த பிறகுதான் எதிர்ப்பு தணிந்தது.

இதற்கு நேர்மாறான பாடமும் அதே கண்டத்தில் இருக்கிறது. ஆற்றுக் குருடு நோய்க்கான ஐவர்மெக்டின் மருந்தை மெர்க் நிறுவனம் 1987 முதல் இலவசமாக வழங்கிவருகிறது. அதை யார் வழங்குவது, எந்த மாதத்தில் வழங்குவது, வீடு வீடாகவா ஓரிடத்திலா என்பவற்றை ஊராரே முடிவு செய்யும் முறை 1990களில் பரவலானது. எடை பார்க்கும் கருவி இல்லாத இடங்களில், உயரத்தைக் காட்டும் கோடிட்ட ஒரு கம்பை வைத்தே எத்தனை மாத்திரை என்று தீர்மானிக்கிறார்கள். குடிநீர் வழியாக உடலில் புகும் கினிப் புழு நோய்க்கு இன்றுவரை தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. எனினும் 1986 இல் ஏறத்தாழ 35 லட்சமாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2024 இல் 15 ஆகக் குறைந்திருக்கிறது. துணி வடிகட்டியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தவர்களும், புழு வெளிவரும் கால்களை நாள்தோறும் கவனித்துக் குளத்தில் இறங்காமல் தடுத்தவர்களும் அந்தந்த ஊரின் தன்னார்வலர்களே.

பணியாளரைத் தேர்ந்தெடுப்பதும் ஊதியமும்

ஊராரே பரிந்துரைக்க, நீங்களும் மாவட்ட அலுவலகமும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். குழந்தை பெற்று வளர்த்த, எழுதப் படிக்கத் தெரிந்த, அந்த ஊர் மொழியையே பேசுகிற பெண் மிகப் பொருத்தமானவர். பிரசவத்தைப் பற்றியும் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றியும் ஆணிடம் மனம் திறந்து பேசப் பெண்கள் தயங்கும் இடங்கள் பல. தலைவரின் உறவினரே பட்டியலில் முதலில் வருவார் என்பதால், எழுத்தும் எண்ணும் தெரியுமா என்று பார்க்கும் ஓர் எளிய தேர்வை எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டால் மனக்கசப்பின்றி முடிவெடுக்கலாம்.

ஊதியத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். தன்னார்வம் என்ற அழகிய சொல்லின் கீழ், உலகின் மிக ஏழைப் பெண்களிடம் சம்பளமில்லாத வேலையை வாங்குவது நியாயமற்றது. அது நீடிப்பதும் இல்லை. செய்யும் வேலைக்குத் தக்க ஊதியம் தர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட நெறிமுறையும் பரிந்துரைக்கிறது. மாதந்தோறும் ஒரே நாளில், கைபேசிவழிப் பணமாக நேரடியாக அவர் கைக்கே சேரும்படி செய்யுங்கள். பணியைத் தொடங்குவதற்கு முன்பே, குறைந்தது மூன்று ஆண்டு ஊதியத்துக்கான நிதி உங்களிடம் இருக்க வேண்டும்; அது இல்லையென்றால் ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியைப் பாடம் பாடமாகப் பிரித்து, ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னும் சுகாதார நிலையத்தில் உண்மையான நோயாளிகளோடு பழகவிட வேண்டும். பயிற்சியைவிட முக்கியமானது மேற்பார்வை. மாதத்துக்கு ஒருமுறையேனும் ஒரு செவிலியர் வந்து, பணியாளர் ஒரு குழந்தையைப் பரிசோதிப்பதை அருகில் அமர்ந்து பார்த்து, பதிவேட்டையும் மருந்துப் பெட்டியையும் சரிபார்த்துச் செல்ல வேண்டும். மேற்பார்வையாளரின் மோட்டார் சைக்கிளுக்கு எரிபொருள் இல்லாததால் நின்றுபோன திட்டங்கள் பல. ஆகவே எரிபொருளையும் பழுதுபார்ப்பையும் வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாக எழுதுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை, பையைத் திறக்கும் முறை

கிராமப் பணியாளரின் சிகிச்சை இரண்டு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மையமாகக் கொண்டது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நோய் கண்டால் உடனே சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

குழந்தை வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது ஆபத்து அறிகுறிகளை. பால் குடிக்கவோ நீர் அருந்தவோ முடியாமை, உட்கொண்ட அனைத்தையும் வாந்தி எடுத்தல், வலிப்பு, நினைவிழத்தல் அல்லது எழுப்ப முடியாத சோர்வு, மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், இரு பாதங்களிலும் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அக்குழந்தை ஊரில் தங்கக் கூடாது. சில நாடுகளில் கடும் மலேரியாவுக்கு மலக்குடல் வழியாக ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது வழிப்பயணத்துக்கான காப்பு மட்டுமே. மருத்துவமனையில் ஊசியும் அதற்குப் பின் முழு மாத்திரைத் தொடரும் கிடைக்காவிட்டால் அக்குழந்தையைக் காப்பாற்றியதாகாது. இதனால்தான், அனுப்பப்பட்ட குழந்தை உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று மறுநாள் விசாரிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது.

ஆபத்து அறிகுறி இல்லாத காய்ச்சலுக்கு விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து விரைவுப் பரிசோதனை செய்ய வேண்டும். மலேரியா இருப்பது உறுதியானால் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தை மூன்று நாள் கொடுக்க வேண்டும். முதல் வேளையைப் பணியாளரின் கண்முன்னேயே, உணவோடோ பாலோடோ கொடுப்பது நல்லது. இரண்டாம் நாளே குழந்தை விளையாடத் தொடங்கிவிடும் என்பதால், மிஞ்சிய மாத்திரைகளை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்துவைக்கும் வழக்கம் இருக்கிறது. அதன் தீமையைத் தாய்க்கு மட்டுமன்றிப் பாட்டிக்கும் எடுத்துச் சொல்லுங்கள். எரித்திரியா, எத்தியோப்பியா போன்ற ஆப்பிரிக்கக் கொம்பு நாடுகளில், வழக்கமான பரிசோதனைப் பட்டை தேடும் புரதமே இல்லாத மலேரியாக் கிருமிகள் பரவியிருப்பதால், எந்த வகைப் பட்டையை வாங்குவது என்பதை அந்நாட்டு மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்திடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

இருமலோடு வரும் குழந்தையின் மூச்சை, அது அழாமல் அமைதியாக இருக்கும்போது, முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 முதல் 11 மாதம் வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேலும், 12 முதல் 59 மாதம் வரை 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது நிமோனியாவாகக் கொள்ளப்பட்டு, கரையும் அமாக்சிசிலின் மாத்திரை கொடுக்கப்படுகிறது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த எண்ணிக்கையில்தான் பிழைகள் அதிகம். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பதும், துணியை விலக்காமல் ஊகிப்பதும் மேற்பார்வையில் தொடர்ந்து கவனிக்க வேண்டியவை.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசலும், 10 முதல் 14 நாள் வரை துத்தநாக மாத்திரையும் போதுமானவை. பொட்டலம் கிடைக்காத வேளையில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுங்கள். உப்பு கூடினால் ஆபத்து என்பதைச் செய்துகாட்டியே விளக்க வேண்டும். இரத்தம் கலந்த கழிச்சலானால் சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும், எந்த நோய்க்காக வந்திருந்தாலும், மேல்கைச் சுற்றளவை வண்ண நாடாவால் அளந்துவிடுங்கள். 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு. அது உயிருக்கு ஆபத்தான ஊட்டக்குறைவு. பசியோடு உண்ணக்கூடிய, வேறு சிக்கல் இல்லாத குழந்தையை நிலக்கடலையாலான சத்துப் பசையைக் கொண்டு வீட்டிலேயே தேற்றலாம் என்பதை 2005 இல் நைஜரில் ஏற்பட்ட உணவு நெருக்கடியின்போது பெரிய அளவில் செய்து காட்டினார்கள். நாடாவைத் தாய்மாரிடமே கொடுத்து அளக்கப் பழக்கினால் இன்னும் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். சஹாராவின் தெற்கு விளிம்பில் உள்ள சாஹேல் பகுதியில் மழைக்காலமும், களஞ்சியம் காலியாகும் பசிக்காலமும், மலேரியாவும் ஒரே மாதங்களில் வந்து சேர்கின்றன. அங்கே மழை தொடங்கும் முன்பே இருப்பை நிரப்பி, மாதம் ஒருமுறை குழந்தைகளுக்கு மலேரியாத் தடுப்பு மாத்திரை கொடுக்கும் ஏற்பாட்டில் அரசோடு இணைந்துகொள்ள வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2012 முதல் இதைப் பரிந்துரைக்கிறது.

மருந்து தீராமல் பார்த்துக்கொள்வது

மருந்து இல்லாத பணியாளரை ஊர் இரண்டு முறை மன்னிக்கும். மூன்றாம் முறை அவரிடம் வராது. மாதப் பயன்பாட்டைக் கணக்கிட்டு, மழைக்காலத்துக்குக் கூடுதலாகவும், சாலை துண்டிக்கப்படும் வாரங்களுக்குத் தனியாகவும் இருப்பு வைக்க வேண்டும். மலாவியில் பணியாளர்கள் தம் கையிருப்பைச் சாதாரணக் கைபேசிக் குறுஞ்செய்தியாக அனுப்ப, சுகாதார நிலையம் அதற்கேற்ப மருந்தைக் கட்டிவைக்கும் முறை நன்றாகச் செயல்பட்டது. ருவாண்டாவில் 2016 முதல் முஹாங்காவிலிருந்து ஆளில்லா விமானங்கள் மருத்துவமனைகளுக்கு இரத்தம் கொண்டு செல்கின்றன. அது போற்றத்தக்க சாதனை. ஆனால் உங்கள் முதல் ஆண்டுக்குத் தேவையானவை ஒரு பூட்டுள்ள பெட்டியும், ஒழுங்காக எழுதப்படும் இருப்பு அட்டையும்தான்.

ஜாம்பியாவில் நடந்த ஒரு முயற்சியிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கோகோ கோலா போகாத ஊர் இல்லை என்பதைக் கண்டு, அதன் புட்டிகளுக்கு இடையே உள்ள காலி இடத்தில் ஓ.ஆர்.எஸ். பெட்டிகளைச் செருகி அனுப்பத் திட்டமிட்டார்கள். நடைமுறையில் சில்லறைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் அப்படிச் செருகாமல் தனியாகவே வாங்கிச் சென்றார்கள். அவர்களுக்குக் கிடைத்த சிறு இலாபமே பெட்டியை ஊர்வரை கொண்டு சென்றது. தாய்மாரிடம் கேட்டபோது இன்னொன்றும் தெரியவந்தது. வீட்டில் ஒரு லிட்டரை அளக்கும் பாத்திரம் இல்லை, ஒரே நாளில் குழந்தை அவ்வளவு குடிப்பதும் இல்லை. ஆகவே 200 மில்லிலிட்டருக்கான சிறு பொட்டலங்களாக்கி, அந்தப் பெட்டியையே அளவுக் கோப்பையாகப் பயன்படுத்தும்படி வடிவமைத்தார்கள்.

தாய்மார்

பிரசவத்தில் நேரும் இறப்புகளுக்கு மூன்று தாமதங்கள் காரணம்: மருத்துவமனைக்குப் போவது என்று வீட்டில் முடிவெடுப்பதில், வழியில், போய்ச் சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில். முதல் தாமதத்தைக் கணவனிடமும் மாமியாரிடமும் பேசாமல் குறைக்க இயலாது. நைஜரில் கணவர்களுக்கென்றே நடத்தப்படும் ‘கணவர் பள்ளிகள்’ இதை உணர்ந்து உருவானவை. இரண்டாவதற்கு, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எந்த வண்டி, யார் ஓட்டுவார், பணம் எங்கிருந்து என்பதை எட்டாம் மாதத்துக்குள் எழுதி வைத்துவிடுங்கள். எத்தியோப்பியா, ஜாம்பியா, மலாவி ஆகிய நாடுகளில் மருத்துவமனைக்கு அருகே கர்ப்பிணிகள் கடைசி வாரங்களில் வந்து தங்கும் காத்திருப்பு இல்லங்கள் உள்ளன. அங்கே சமைக்க இடமும், மற்றக் குழந்தைகளை உடன் வைத்துக்கொள்ள அனுமதியும் இருந்தால்தான் பெண்கள் வருவார்கள். மூன்றாம் தாமதம் உங்கள் எல்லைக்கு வெளியே இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அனுப்பிய இடத்தில் இரத்தமோ மயக்க மருந்தோ இல்லையென்றால் ஊரில் செய்த வேலையெல்லாம் வீணாகிவிடும். எனவே நிதியின் ஒரு பங்கை அந்த மருத்துவமனைக்கும் ஒதுக்குங்கள்.

எவ்வளவு முயன்றாலும் சில பிரசவங்கள் வீட்டில் நடந்துவிடும். அதற்காக, நாட்டின் நெறிமுறை அனுமதித்தால், உதிரப்போக்கைத் தடுக்கும் மிசோபிரோஸ்டாலைக் கர்ப்பிணியிடம் முன்கூட்டியே கொடுக்கலாம். வயிற்றில் இரண்டாவது குழந்தை இல்லை என்று உறுதி செய்த பிறகே அதை விழுங்க வேண்டும் என்பதைத் தவறாமல் கற்பியுங்கள். தொப்புள்கொடிக்குப் பூசும் குளோர்ஹெக்சிடின் திரவத்தைக் கண் மருந்து என்று எண்ணிக் குழந்தையின் கண்ணில் விட்டுப் பார்வை பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பதிவாகியுள்ளன. ஆகவே சொட்டு மருந்துப் புட்டியைத் தவிர்த்துப் பசை வடிவத்தையே வாங்குங்கள்.

தடுப்பூசி

தடுப்பூசியை அரசே வழங்குகிறது. உங்கள் பணி அதை ஊர்வரை கொண்டுவந்து சேர்க்க உதவுவது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும் என்பதை எல்லோரும் வெப்பத்தைப் பற்றிய எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். உறைந்து போனாலும் பல தடுப்பூசிகள் கெட்டுவிடும். உறைபெட்டியிலிருந்து எடுத்த பனிக்கட்டிப் பொதிகளை உடனே தடுப்பூசி எடுத்துச் செல்லும் பெட்டியில் வைக்காமல், குலுக்கினால் உள்ளே நீர் சலசலக்கும்வரை வெளியே வைத்திருக்க வேண்டும். குப்பியின் மேல் ஒட்டியுள்ள வெப்பக் குறியீட்டில் உட்சதுரம் சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அக்குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. இப்போது பல நாடுகளில் மலேரியாத் தடுப்பூசியும் சேர்ந்திருக்கிறது. நான்கு தவணைகளில் கடைசித் தவணை இரண்டாம் வயதில் வருவதால் பலர் தவறவிடுகிறார்கள். பிறந்த தேதியோடு கூடிய ஊர்ப் பதிவேடு பணியாளரிடம் இருந்தால், அந்த வீடுகளை அவரே போய் அழைத்துவர முடியும்.

கட்டணமும் கணக்கும் கைமாற்றமும்

1987 இல் மாலி நாட்டின் தலைநகர் பமாக்கோவில் ஆப்பிரிக்கச் சுகாதார அமைச்சர்கள் மருந்துக்குச் சிறு கட்டணம் வாங்கி அதைக் கொண்டே மருந்து வாங்கும் முறையை ஏற்றார்கள். மருந்து இருப்பைக் காக்க அது சில இடங்களில் உதவியது என்றாலும், மிக ஏழைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. 2001 இல் உகாண்டா அரசுச் சுகாதார நிலையங்களில் கட்டணத்தை நீக்கியவுடன் ஏழைகளின் வருகை பெருகியது. கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை விற்பது பற்றி நடந்த ஆய்வில், இலவசமாகத் தந்ததை 0.60 டாலராக உயர்த்தியவுடன் வாங்குவோரின் பங்கு 60 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது; இலவசமாகப் பெற்றவர்கள் அதைக் குறைவாகப் பயன்படுத்தவும் இல்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எதற்கும் பணம் வாங்காதீர்கள் என்பதே என் பரிந்துரை.

மாதந்தோறும் மூன்று எண்களைக் கேட்டால் போதும்: எந்த மருந்து எத்தனை நாள் இல்லாமல் இருந்தது, காய்ச்சல் கண்ட குழந்தைகளில் எத்தனை பேர் 24 மணி நேரத்துக்குள் பார்க்கப்பட்டார்கள், அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள். இவற்றை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். குழந்தை இறந்திருந்தால், யாரையும் குற்றம் சாட்டாமல், எந்த நாளில் எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது என்பதைக் குடும்பத்தாரோடு அமர்ந்து கேட்டு எழுதுங்கள்.

மாவட்டத்தோடு செய்துகொள்ளும் முதல் ஒப்பந்தத்திலேயே, எந்த ஆண்டிலிருந்து பணியாளர் ஊதியத்தில் எவ்வளவு பங்கை மாவட்டம் ஏற்கும் என்பதைத் தேதியோடு குறிப்பிடுங்கள். அரசின் நிதிநிலைத் திட்டம் தயாராகும் மாதத்துக்கு முன்பே ஆண்டுதோறும் சென்று அதை நினைவூட்ட வேண்டும், ஏனெனில் அந்த மாதம் கடந்துவிட்டால் இன்னும் ஓராண்டு நீங்களேதான் அந்த ஊதியத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும்.